மச்சான் பெயர் ஒளிந்திருந்த பேக்கேஜ்

சாலை பஜார், திருவனந்தபுரம்.

நாகர்கோவில் வடசேரியில் சகல கௌரவங்களோடும் தற்போது சிறிது கோபத்தோடும் விளங்கும் மச்சான் கோலப்பன் அவர்களுக்கு, தங்கள் தங்கை முத்தாரம்மாளின் கணவன் குற்றாலலிங்கம் வணக்கத்துடன் எழுதுவது. இங்கு என் மகள் ஷில்பாவின் கல்யாண வேலைகளும் என் சர்க்கரையும் கூடிக்கொண்டே போகின்றன. அங்கு கோபம் நீங்கலாக மற்றெல்லாம் பெருக பத்மநாபசுவாமியை வேண்டுகிறேன்.

முதல் பத்திரிகை தாய்மாமனுக்குத்தானே போக வேண்டும்? போனது. அதில் தங்கள் பெயருக்குப் பதில் “Nfhyg;gd;” என்று இருந்ததாகவும், இந்த அவமானத்துக்குப் பிறகு கல்யாணத்துக்கு வருவதாயில்லை என்றும் தாங்கள் போனில் முழங்கியது எங்கள் அடுக்களை வரை கேட்டது. நடந்தது இதுதான்: பெங்களூரிலிருந்து பத்திரிகையைத் தயார் செய்து அனுப்பிய என் மகன் ஆதர்ஷ், மாமா பெயர் எடுப்பாகத் தெரியட்டும் என்று அதற்கு மட்டும் ஒரு பழைய அலங்கார எழுத்தைப் போட்டிருக்கிறான், அந்த எழுத்துக்கான ஃபான்ட் கோப்பு என் கம்ப்யூட்டரில் இல்லாததால் பெயர் ஆங்கிலக் கிறுக்கலாக மாறிவிட்டது, நானோ ராகு காலம் தொடங்குமுன் தபாலில் சேர்க்கும் அவசரத்தில் படித்தே பார்க்காமல் அச்சடித்து, மஞ்சள் தடவி, கவரை ஒட்டிவிட்டேன். “எங்க அண்ணனுக்க பேரை இப்பிடியா நாசம் பண்ணுவீங்க? அண்ணன் வரல்லேன்னா நானும் மணவறைப் பக்கம் வரமாட்டேன், பாத்துக்கிடுங்க” என்றாள் முத்தாரம்மாள். அன்றோடு எனக்குக் காப்பி நின்றது.

ஆதர்ஷைக் கூப்பிட்டேன். “அப்பா, டென்ஷன் அடிக்கண்டா, பதறாதீங்க. அந்த ஃபைல் தனியா கிடைக்காது, பல ஃபைலை ஒரே மூட்டையாக் கட்டின ஏதாவது ஒரு பேக்கேஜுக்குள்ளதான் இருக்கும். எதுக்குள்ள இருக்குன்னு கம்ப்யூட்டர்கிட்டயே கேளுங்க” என்று, கேட்கும் விதத்தையும் சொல்லிக்கொடுத்தான். கேட்டேன். சொல்லிவிட்டது! சாலை பஜார் கடைகளில் காலமெல்லாம் கணக்கெழுதியும், எந்தச் சாமான் எங்கே கிடைக்கும் என்று இவ்வளவு மரியாதையாக யாரும் எனக்குச் சொன்னதில்லை. ஆனால் ஒரு கோப்பு போதும் என்று நான் எவ்வளவு மன்றாடியும், சில்லறை விற்பனை கிடையாது என்பதுபோல் முழுப் பேக்கேஜையும் தலையில் கட்டிவிட்டது. தாளில் ‘கோலப்பன்’ என்று முழுசாக வந்தபோது, மச்சான், வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், கைதட்டினேன். முத்தாரம்மாள் ஓடிவந்து பார்த்தாள், சிரித்தாள். காப்பி வந்தது.

திருத்திய பத்திரிகை இத்துடன். கோபத்தை வடசேரியிலேயே விட்டுவிட்டு, குடும்பத்தோடு வந்து நடத்தித்தர வேண்டும். பெரியவர்களுக்கு வணக்கம், பிள்ளைகளுக்கு ஆசி.

இப்படிக்கு,
தங்கள் அன்பு மறவாத
குற்றாலலிங்கம்

பின்குறிப்பு: எழுத்து கைக்கு வந்த பூரிப்பில் மாப்பிள்ளை பெயரையும் அதே அலங்காரத்துக்கு மாற்றி, சம்பந்திக்கு ஈமெயிலில் அனுப்பினேன். அவர் கம்ப்யூட்டரில் அந்தக் கோப்பு இல்லையாம். “எங்க பையன் பேரு எங்கே ஓய்?” என்று கேட்க ஞாயிற்றுக்கிழமை நேரில் வருகிறார். எனக்காகப் பேசத் தாய்மாமனை விட்டால் யார் இருக்கிறார்கள்? சனிக்கிழமையே வந்துவிடுங்கள். கோபத்தை அங்கே விட்டுவர வேண்டாம், மச்சான்; கையோடு கொண்டுவாருங்கள், இங்கே தேவைப்படும்.