மகளிடம் சொல்லாத ஓடிபி

பெற்ற மகளையே திருடி என்று நினைத்துத் திட்டி, "ஒன்னய வளத்த அப்பன் எவன்?" என்று கேட்ட தகப்பன் இந்தச் சிவகங்கைச் சீமையில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். அதையும் வீட்டுக்குள் வைத்துக் கேட்கவில்லை. காரைக்குடியில் ஒரு கம்ப்யூட்டர் கடையில், பதினைந்து பேர் காதில் விழும்படி கேட்டேன்.

பிள்ளைகளே, அப்பாக்களுக்கு எல்லாம் தெரியும் என்று நீங்கள் நம்பிக்கொண்டிருக்கும் வயதிலேயே இதைச் சொல்லிவிடுவது நல்லது. பின்னால் நீங்களாகக் கண்டுபிடித்தால் மனசு விட்டுப்போகும்.

நான் பத்தாம் வகுப்பு வரை படித்தவன். (பாஸா என்று கேட்கக்கூடாது.) ஆழ்குழாய்க் கிணற்றில் மோட்டார் இறக்குவதும், பழுதானால் மேலே ஏற்றிச் சரிபார்ப்பதும் என் தொழில். கல்லலைச் சுற்றிப் பல தோட்டங்களில் ஓடும் மோட்டார் நான் இறக்கியதுதான். மோட்டார் போடும் சத்தத்தை வைத்தே அதற்கு என்ன கோளாறு என்று சொல்லிவிடுவேன். செல்போன் அப்படி இல்லை. அது எதற்குச் சத்தம் போடுகிறது, எதற்குச் சும்மா இருக்கிறது என்று எனக்கு இன்றுவரை பிடிபடவில்லை.

அந்தச் சமயத்தில் யாருக்குப் போன் போட்டாலும், மணி அடிப்பதற்கு முன்னால் ஓர் அம்மா வந்து, ஓடிபி எண்ணை யாரிடமும் சொல்லாதீர்கள் என்று எச்சரிப்பார். நான் ஒருநாளும் அவரை மதிக்காமல் இருந்ததில்லை. "சரிம்மா" என்று சொல்லிவிட்டுத்தான் அடுத்த ஆளிடம் பேசுவேன். (அது பதிவு செய்த குரல் என்று மகள் சொன்ன பிறகும் ஒரு வாரம் சொன்னேன். மரியாதையைத் திடீரென்று எப்படி நிறுத்துவது?)

மகள் பெயர் அபிநயா. ப்ளஸ் டூ முடித்து விவசாயப் படிப்புக்கு விண்ணப்பித்திருந்தாள். எந்தெந்தக் கல்லூரி வேண்டும் என்று வரிசையாகப் பட்டியல் போட்டு, கம்ப்யூட்டரிலேயே அதைப் பூட்டிவிட வேண்டும். பூட்டினால்தான் பட்டியல் செல்லும். பூட்டாவிட்டால் அந்த வருடம் வீட்டில் உட்கார வேண்டியதுதான். கடைசி இரண்டு நாளும் பிள்ளைக்குக் காய்ச்சல். கடைசி நாள் மத்தியானம் எழுந்து, தொண்டை கட்டிய குரலோடு பஸ் ஏறிக் காரைக்குடிக்குப் போனாள். மாலை ஐந்து மணியோடு கதவு அடைப்பு.

விண்ணப்பத்தில் அவளுடைய டீச்சர் என் நம்பரைத்தான் கொடுத்திருந்தார். எங்கள் வீட்டில் இருந்தது ஒரே போன், என் போன். பட்டியலைப் பூட்டும்போது அந்தப் போனுக்கு ஓர் எண் வரும் என்று அவளுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. அவள் அங்கே போக, நான் போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு கொத்தமங்கலத்துக்கு வேலைக்குப் போய்விட்டேன்.

வேலை ஒரு பெரிய வீட்டில். முன்வாசல் ஒரு தெருவில், பின்வாசல் அடுத்த தெருவில். நடந்து முடிப்பதற்குள் தாகமெடுக்கும். நாங்கள் பின்கட்டுத் தோட்டத்தில் மோட்டாரை மேலே தூக்கிக்கொண்டிருந்தோம். நாங்கள் என்றால் நானும் சேதுவும். சேது என் மனைவியின் தம்பி, தொழிலில் என் கூட்டாளி. காலையில் பல் துலக்குகிறானோ இல்லையோ, போனில் வரும் எச்சரிக்கைகளை ஒன்று விடாமல் படித்துவிடுவான். படித்ததோடு விடமாட்டான். எனக்கும் ஊட்டுவான்.

"அத்தான், இப்பப் பெத்த பிள்ளை கொரல்லயே பேசி ஏமாத்துறாய்ங்களாம். கம்ப்யூட்டரு கொரலை அப்படியே உரிச்சு எடுத்துருதாம்" என்று அன்றைக்குக் காலையில்தான் சொல்லியிருந்தான்.

நாலரை மணி இருக்கும். பாதிக் குழாய் வெளியே வந்திருந்தது. 'டிங்' என்று போனில் ஒரு சத்தம். என் கை முழுக்கக் கிரீஸ். சேது என் பையிலிருந்து எடுத்துப் பார்த்தான்.

"ஓடிபி அத்தான். கீழயே இங்கிலீசுல போட்டிருக்கான், யாருக்கும் சொல்லாதன்னு."

"நான் எதுக்குச் சொல்லப் போறேன்?"

சொல்லி வாய் மூடவில்லை, மணி அடித்தது. தெரியாத நம்பர். சேது போனை என் காதில் வைத்தான்.

"அப்பா, நான் அபி பேசுறேன். எங்க இருக்கீங்க? உங்க போனுக்கு ஒரு ஓடிபி வந்திருக்கும், கொஞ்சம் சொல்லுங்க."

குரல் கரகரவென்று இருந்தது. அது பெரிய விஷயமில்லை. என் காதில் முள்ளாகத் தைத்தது அந்த 'இருக்கீங்க'தான். எங்கள் வீட்டில் வாரீக, போறீக, இருக்கீகதான். என் மகள் பேச்சுப் பழகிய நாளிலிருந்து என்னை "எங்குட்டு இருக்கீக?" என்றுதான் கேட்பாள். வெளியாட்கள் முன்னால் பேசும்போது பள்ளிக்கூடத்தில் பழகிய பேச்சு அவளுக்குத் தானாக வந்துவிடும் என்பது எனக்கு எப்படித் தெரியும்? அவள் வெளியாட்கள் முன்னால் பேசும்போது நான் கூட இருந்ததில்லையே. (நான் கூட இருந்தால் அவள் பேசவே மாட்டாள்.)

போனைப் பொத்திக்கொண்டு, "மச்சான், 'இருக்கீங்க'ங்குது" என்றேன்.

சேதுவின் கண் விரிந்தது. "நான் சொல்லல? கொரலை உரிச்சுட்டாய்ங்க, ஊரை உரிக்கத் தெரியல!"

அவ்வளவுதான். எனக்கு எங்கிருந்துதான் அத்தனை ஆவேசம் வந்ததோ.

"ஏ, யாரு நீ? ஒழைச்சுச் சாப்பிட ஒடம்பு வணங்கலையா? ஒன்னய வளத்த அப்பன் எவன்? கூறு உள்ள அப்பனா இருந்தா இப்படி ஊரை ஏமாத்த விடுவானா? அவனைக் கூப்பிடு, நான் கேக்குறேன்!"

"நல்லாக் கேளுங்க அத்தான்!" என்று சேது பின்பாட்டுப் பாடினான்.

அங்கே என்ன நடந்தது என்று பிறகுதான் தெரிந்தது. லைன் சரியாகக் கேட்கவில்லை என்று கடைக்காரர் தன் போனை ஸ்பீக்கரில் போட்டுக் கொடுத்திருந்தார். வரிசையில் நின்ற பதினைந்து பேரும், அப்பனுக்குக் கூறு இருக்கிறதா என்று அந்த அப்பனே கேட்டதைக் கேட்டார்கள்.

நான் வெற்றிப் பெருமிதத்தோடு நின்றேன். மறுபடி மணி. இந்தமுறை ஓர் ஆண் குரல், ரொம்பப் பணிவாக.

"சார், உங்க பொண்ணு எங்ககிட்டதான் இருக்கு. அழுதுக்கிட்டு இருக்கு. அந்த நம்பரைச் சொல்லிட்டீங்கன்னா உடனே வீட்டுக்கு அனுப்பிருவோம். அஞ்சு மணி தாண்டிட்டா அப்புறம் எங்களால ஒண்ணும் செய்ய முடியாது."

பிள்ளைகளே, இதை ஒருமுறை ஒரு நல்ல மனிதர் சொன்னதாகப் படியுங்கள். இன்னொரு முறை ஒரு கொள்ளைக்காரன் சொன்னதாகப் படியுங்கள். ஓர் எழுத்துகூட மாற்ற வேண்டியிருக்காது.

சேது வாயைப் பிளந்து, "அத்தான், தூக்கிட்டாய்ங்க!" என்றான்.

"எம் பிள்ளைகிட்டப் போனைக் குடுய்யா!"

"அப்பா..." என்று அழுகைக் குரல்.

"எம் பிள்ளைதான்னா சொல்லு. நம்ம வீட்டு ஆட்டுக்கு என்ன பேரு?"

எங்கள் ஆடு நாற்காலியைக் கண்டால் ஏறி உட்கார்ந்துகொள்ளும். இறங்கச் சொன்னால் நம்மை ஏற இறங்கப் பார்க்கும். அதனால் அதற்குக் கலெக்டர் என்று பெயர். வளர்ந்த பிள்ளை, முன்பின் தெரியாத பதினைந்து பேருக்கு நடுவில் நின்று ஆட்டின் பெயரைச் சொல்லவேண்டும்.

"கலெக்டர்" என்றாள் மெதுவாக.

"சத்தமா!"

"கலெக்டர்ப்பா!"

எனக்குப் போன உயிர் வந்தது. எண்ணைச் சொல்ல வாயெடுத்தேன். சேது என் தோளைப் பிடித்துக்கொண்டான். "அத்தான், அவசரப்படாதீக. போன மாசம் ஆட்டுக்குப் பிறந்தநாள்னு பேரோட போட்டோ எடுத்து ஸ்டேட்டஸ் வச்சீகள்ல? ஊரே பாத்துச்சு. திருடன் பாத்திருக்க மாட்டானா?"

நியாயமாகத்தான் பட்டது. ஒரு தகப்பன் தன் பிள்ளையை உறுதிப்படுத்திக்கொள்ள வைத்திருந்த ஒரே ரகசியத்தையும், ஆட்டுக்கு மாலை போட்டு நானே ஊருக்குக் காட்டியிருந்தேன்.

"ஆட்டுப் பேரு செல்லாது. வேற எதாச்சும் சொல்லு" என்றேன்.

அப்போது வெடித்தது.

"ஏப்பா! என்னப்பா ரோதனை பண்றீக! எங்குட்டுத்தான் இருக்கீக நீங்க? மணி நாலே முக்காலு. ரெண்டு வருசம் கண்ணு முழிச்சுப் படிச்சது அஞ்சு மணியோட போயிரும்ப்பா. அந்த மாமா பேச்சைக் கேட்டுக்கிட்டு ஆடுறீகளே, அதை அங்குட்டுத் தள்ளி நிக்கச் சொல்லுங்க மொதல்ல!"

எந்தக் கம்ப்யூட்டருக்கு இப்படி வையத் தெரியும்? என் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது.

"ஆத்தா! எம் பிள்ளையேதான்!" என்று கத்தினேன். சேது தானாகவே இரண்டடி தள்ளி நின்றான்.

எண்ணைப் பார்த்து மூச்சுவிடாமல் வாசித்தேன். அது காலாவதியாகிவிட்டதாம். (அதற்கு ஆயுசு பத்தே நிமிடம் என்று யார் சொன்னார்கள்? காலர் டியூன் அம்மா இதைச் சொல்லவே இல்லை.) புதிதாக ஒன்று அனுப்பச் சொன்னார்கள். வரவில்லை. பின்கட்டில் சிக்னல் ஒரு கோடாக இளைத்துவிட்டிருந்தது.

"வெளிய வாசலுக்கு ஓடுங்கப்பா!"

நானும் சேதுவும் குழாயைக் கிளாம்ப் போட்டு அந்தரத்தில் நிறுத்திவிட்டு ஓடினோம். பின்கட்டு, அடுப்படி, இரண்டாம் கட்டு, நடு முற்றம். கண்ணாடி மாதிரி மின்னும் தரையில் கிரீஸ் பாதம். முற்றத்திலிருந்து முகப்புவரை நான் ஓடவில்லை, வழுக்கியே போனேன். தெருவில் போய் நின்றதும் 'டிங்'. போன் பூட்டியிருந்தது. திறக்க விரலால் கோலம் போட வேண்டும். கிரீஸ் விரலை அது விரலாகவே மதிக்கவில்லை. கிளாம்ப் போட்டதில் சேது விரலும் அதே கதி. மூக்கால் போட்டேன். கொத்தமங்கலம் தெருவில் ஒரு மனிதன் போனை முகர்ந்துகொண்டு நின்றதை அன்றைக்கு யாராவது பார்த்திருந்தால், அது நான்தான்.

மூன்றாவது தடவை திறந்தது. ஆறு எண்களையும் சொன்னேன். மறுமுனையில் தட்டும் சத்தம். பிறகு பதினைந்து பேர் கைதட்டும் சத்தம். மணி நாலு ஐம்பத்தேழு.

அன்று மாலை வீடு திரும்பியபோது மகள் என்னோடு பேசவில்லை. மனைவிதான் சோற்றைப் போட்டுக்கொண்டே கேட்டாள்.

"வளத்த அப்பன் எவன்னு கேட்டீகளாமே? இந்தா, இங்குட்டுத்தான் சம்மணம் போட்டு உக்காந்திருக்கு அந்த ஆளு. இப்பக் கேளுங்க."

மகள் சிரித்துவிட்டாள். நான் குனிந்து சாப்பிட்டேன்.

மறுநாள் ஒரு தார் வாழைப்பழத்தோடு அந்தக் கடைக்குப் போனேன். தன் வேலையைப் போட்டுவிட்டுக் கொள்ளைக்காரன் பட்டம் வாங்கிய மனிதர் அவர். முந்தினநாள் வரிசையில் நின்றவர்களுக்கும் அவசரம் இருந்திருக்கும். ஒருவர்கூட முணுமுணுக்காமல் என் பிள்ளைக்கு வழிவிட்டு நின்றிருக்கிறார்கள். ஓர் அம்மா தண்ணீர் வாங்கிக் கொடுத்திருக்கிறார். அவர்கள் யார் என்றுகூட எனக்குத் தெரியாது. இந்தச் செல்போனைப் பற்றி யார் குறை சொன்னாலும் எனக்கு முதலில் அவர்கள்தான் நினைவுக்கு வருகிறார்கள். அதற்குமேல் குறை சொல்ல வாய் வருவதில்லை. கடைக்காரர் என்னைக் கண்டதும் கண்ணாடிக் கதவைத் திறக்காமல், உள்ளிருந்தே கேட்டார்.

"யாரு நீங்க? ஆட்டுப் பேரு என்ன?"

"கலெக்டர்" என்றேன்.

"உள்ள வாங்க!"

அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் யாராவது கதவைத் தட்டினால், உள்ளே இருப்பவர் ஆட்டுப் பெயரைக் கேட்காமல் திறப்பதில்லை. சேது மட்டும் இரண்டடி தள்ளி நின்றுதான் பதில் சொல்லவேண்டும். (பிள்ளைகளே, இதைப் படித்துவிட்டு ஓடிபியைக் கேட்டவருக்கெல்லாம் சொல்லிவிடாதீர்கள். அந்த அம்மா சொன்னது சரிதான். நான் கேட்ட விதம்தான் கோளாறு.)

பட்டியலில் அபிநயா முதலாவதாகப் போட்ட கல்லூரியே கிடைத்தது. கோயம்புத்தூர்ப் பக்கம். போயும் போயும் 'ங்க' விளைகிற பூமியில்! பள்ளிக்கூடத்தில் படித்தபோது, இந்த 'ங்' எழுத்துக்கு இத்தனை எழுத்துகளுக்கு நடுவில் என்ன வேலை என்று நினைத்திருக்கிறேன். அதற்கு இருந்த வேலை எனக்குப் பிற்பாடுதான் தெரிந்தது.

சேர்ந்த முதல் மாதம் ஒருநாள் விடுதியிலிருந்து கூப்பிட்டாள். பக்கத்தில் தோழிகள் பேசும் சத்தம்.

"அப்பா, நல்லா இருக்கீங்களா?"

"யாரு பேசுறது?" என்றேன். வேண்டுமென்று இல்லை, வாய் தானாகக் கேட்டுவிட்டது. அவளுக்குப் புரிந்துவிட்டது. சிரித்துக்கொண்டே, தோழிகளுக்கும் கேட்கட்டும் என்பதுபோலச் சத்தமாகக் கேட்டாள்.

"அப்பா, எங்குட்டு இருக்கீக?"

இப்போது இரண்டாம் ஆண்டு முடிக்கப் போகிறாள். அன்றிலிருந்து இன்றுவரை அவள் போன் அந்த ஒரு கேள்வியோடுதான் தொடங்குகிறது. நான் எங்கே இருக்கிறேன் என்பது அவளுக்குத் தெரியும். ஏதாவது ஒரு கிணற்றடியில் இருப்பேன், கை முழுக்கக் கிரீஸாக இருக்கும். அதற்காக அவள் கேட்கவில்லை. அது எங்கள் ஓடிபி. அதற்குக் காலாவதி கிடையாது.

"சொல்லு ஆத்தா" என்பேன்.