பார்க்காத டயரும் பார்த்ததாக அனுப்பிய படங்களும்

அன்புள்ள அண்ணாவுக்கு,

தங்கை எழுதுவது. இங்கே நான், உங்கள் மாப்பிள்ளை, மாடிப்படிக்குக் கீழே உங்கள் மோட்டார் சைக்கிள், மூவரும் இருக்கிற இடத்திலேயே இருக்கிறோம். அங்கே நீங்கள், அண்ணி, வாலு மூவரும் நலமாக இருப்பதாக நம்புகிறேன். நம்பத்தான் வேண்டியிருக்கிறது. உங்களிடமிருந்து வரும் எதிலும் உங்கள் உடம்பைப் பற்றி இருக்காது, என் உடம்பைப் பற்றியும் இருக்காது, டயரின் உடம்பைப் பற்றித்தான் இருக்கும்.

போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று கேட்பீர்கள். போனில் என்றால் நீங்கள் பேசுவீர்கள், நான் "சரிண்ணா" என்பேன். கடிதத்தில் நான் சொல்லி முடிக்கும்வரை நீங்கள் குறுக்கே வர முடியாது. நாற்பத்தாறு வயதில்தான் இந்த வசதியைக் கண்டுபிடித்தேன். கூரியரில் போட்டால் வெள்ளிக்கிழமை கைக்கு வந்துவிடும் என்றார்கள். ஞாயிற்றுக்கிழமை உங்கள் மகள் இங்கே வருவதற்குள் நீங்கள் இதைப் படித்தாக வேண்டும். விஷயம் இவ்வளவுதான்: வாலுவை அந்த வண்டியில் ஏற விடாதீர்கள். டயர் இரண்டும் சரியில்லை. அது எப்படி, வாராவாரம் பார்க்கிறாயே என்று நீங்கள் கேட்பது இங்கேயே கேட்கிறது.

எட்டு வருடத்துக்கு முன்னால் உங்கள் புது வீட்டில் வண்டி நிறுத்த இடமில்லை என்று இங்கே கொண்டுவந்து விட்டீர்கள். கூடவே ஒரு தாளில் இரண்டு பக்கமும் எழுதிக் கொடுத்தீர்கள். ஞாயிறு காலை, டயர் சூடாவதற்கு முன் காற்றழுத்தம் பார்க்கவும். படியின் கீழிருந்து ஓர் அடிகூட நகராத வண்டியின் டயர் எப்படிச் சூடாகும் என்று கேட்டேன். "கேள்வி கேக்காத, எழுதினத செய்" என்றீர்கள். டயரின் மேல் புடைத்திருக்கும் பட்டன்களுக்கு நடுவே இருக்கும் பள்ளத்தில் நாணயத்தை நட்டு ஆழம் பார்க்கவும். பள்ளத்துக்குள் தெரியும் சின்ன மேடும் டயரின் மேல்பரப்பும் சமமாகிவிட்டால் டயர் முடிந்தது என்று அர்த்தம். ஆணி, கண்ணாடித்துண்டு குத்தியிருக்கிறதா, பக்கவாட்டில் வெடிப்போ வீக்கமோ உண்டா, காற்றடிக்கும் மூக்குக்கு மூடி இருக்கிறதா, எல்லாம் பார்த்து நான்கு படம் எடுத்து அனுப்பவும். நான் குடிநீர்ப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறவள், எதைச் சொன்னாலும் ஒழுங்காகச் செய்கிற வியாதி எனக்கு உண்டு, அதனால் ஆறு வருடம் அநேகமாக ஒரு ஞாயிறும் தவறாமல் முட்டிபோட்டு உட்கார்ந்து நாணயத்தை நட்டேன். ஆறு வருடமும் நாணயம் ஒரே இடத்தில்தான் நின்றது. ஓடினால்தானே தேயும்? மேல்மாடித் தையல்காரம்மா படியிறங்கும்போதெல்லாம், "என்ன டயர் டாக்டர், நோயாளி பொழைச்சுக்குவாரா?" என்பாள். உங்கள் மாப்பிள்ளை ஒருநாள் வாசலில் நின்று, "உங்கண்ணன் வண்டிக்குக் காத்தடிச்சு முடிச்சதும் எனக்கு ஒரு டீ குடு. என்னையும் இந்த வீட்லதான் நிறுத்தி வெச்சிருக்கு" என்றார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவர் சொன்னதில் பொய்யும் இல்லை.

படம் அனுப்பியதும் உங்களிடமிருந்து "நன்று, தொடரவும்" என்று வரும். எங்கள் கூடத்து மேலதிகாரிகூட விடுப்பு விண்ணப்பத்தில் இதைவிட இரண்டு வார்த்தை கூட எழுதுவார். ஆனாலும் சொல்கிறேன், அந்த இரண்டு வார்த்தைக்காக நான் காத்திருந்திருக்கிறேன். வராத ஞாயிறுகளில் போனைத் திருப்பித் திருப்பிப் பார்த்திருக்கிறேன். படித்தவள், சம்பாதிக்கிறவள், அண்ணன் டயரைப் பாராட்டினால் மனசு குளிர்கிறவள். இப்படி ஒரு பிறவி.

அண்ணா, அப்பா இறந்துபோன வாரத்தை நினைத்துப் பாருங்கள். வந்தீர்கள், எல்லோரையும் போல நீங்களும் அழுதீர்கள், அதில் குறையில்லை. மறுநாள் நான் அப்பாவின் சட்டைகளை மடித்துக்கொண்டிருந்தேன், நீங்கள் கீழே இறங்கிப் போனீர்கள், தனியாக அழப் போகிறீர்கள் என்று நினைத்து நானும் பின்னாலேயே வந்தேன். நீங்கள் பின்டயரைக் கட்டைவிரலால் அமுக்கிக்கொண்டிருந்தீர்கள். திரும்பிப் பார்த்து, "காத்து கம்மியா இருக்கே, ரெண்டு வாரமா பாக்கலியா?" என்றீர்கள். ஆமாம் அண்ணா, பார்க்கவில்லை. ஆஸ்பத்திரியில் இருந்தேன். மூன்று மாதம் அப்பாவுக்குப் படுக்கைப் புண் வராமல் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் போட்டுக்கொண்டிருந்தேன். ஒரே இடத்தில் அழுந்தினால் உடம்பு கெடும் என்று நர்ஸ் சொல்லிக்கொடுத்திருந்தாள். அதை உங்களிடம் சொல்ல வாயைத் திறந்தேன். "சரிண்ணா, அடிச்சு வைக்கிறேன்" என்றுதான் வந்தது.

அடுத்த ஞாயிறு நான் கீழே இறங்கவில்லை. கட்டிலில் படுத்தபடியே பழைய நான்கு படங்களை எடுத்து அனுப்பினேன். திட்டு வரும் என்று காத்திருந்தேன். "நன்று, தொடரவும்" என்று வந்தது. தொடர்ந்தேன். இரண்டு வருடம், அதே நான்கு படம், அதே பதில். ஒருமுறை "பின்டயர் முன்னைவிடப் பளிச்சென்று இருக்கிறது" என்று வந்தபோது நான் சமையலறையில் தனியாகச் சிரித்தேன், சிரித்து முடித்ததும் பயமாக இருந்தது. பரிசோதனைக் கூடத்தில் இருபத்திரண்டு வருடத்தில் ஒரு புட்டியின் அளவைக்கூட நான் பொய்யாக எழுதியதில்லை, ஏனென்றால் அந்தத் தண்ணீரை யாரோ குடிக்கப் போகிறார்கள். உங்கள் வண்டியை யாரும் ஓட்டப் போவதில்லை என்று நினைத்தேன்.

திங்கட்கிழமை போன் செய்தீர்கள். வாலுவுக்கு வேறு ஊரில் வேலை கிடைத்திருக்கிறது, ஞாயிறு வந்து வண்டியை எடுத்துக்கொண்டு நேராக அங்கே ஓட்டிப் போகிறாள், முந்நூறு கிலோமீட்டர். "டயர பத்தி எனக்குக் கவலையே இல்ல. நீ பாத்துக்கறியே" என்றீர்கள். கல்லூரியில் படிக்கும்போது இதே வண்டியைத் தெருக்கோடிவரை ஒருமுறை ஓட்டிப் பார்க்கிறேன் என்று நான் கேட்டேன். "பொம்பளைங்க ஓட்டற வண்டியில்ல இது" என்றீர்கள். திங்கட்கிழமை அதை ஞாபகப்படுத்தினேன். "காலம் மாறிடுச்சும்மா" என்றீர்கள். மாறியபோது எனக்கும் ஒரு வார்த்தை சொல்லி அனுப்பியிருக்கலாம்.

அன்று சாயங்காலம் டார்ச்சோடு கீழே இறங்கினேன். பட்டன் புதுசு போலத்தான் இருக்கிறது, நாணயம் நின்ற இடத்தில்தான் நிற்கிறது. ஆனால் முன்டயரின் பக்கவாட்டில் சுற்றிலும் வெடிப்பு, என் நகம் உள்ளே போகிறது. பின்டயர் நின்ற இடத்திலேயே நின்று அடிப்பக்கம் தட்டையாகிவிட்டது, தள்ளிப் பார்த்தால் வண்டி நொண்டுகிறது. மூடியைத் திருகினேன், காற்றடிக்கும் மூக்கே கையோடு வந்துவிட்டது. மெக்கானிக்கைக் கூட்டிவந்து காட்டினேன். "அக்கா, இதுல நூறு அடி போனா எனக்கு வேலை, நூறு கிலோமீட்டர் போனா டாக்டருக்கு வேலை" என்றார். இந்த அளவு டயர் இப்போது கடையில் இல்லை, சொல்லி வரவழைக்கப் பத்து நாள் ஆகும் என்றார். தள்ளிப் போடலாமே என்று வாலுவுக்குப் போன் செய்தேன். "என்ன அத்தை நீங்க! வாராவாரம் நீங்க செக் பண்ற வண்டி, ஷோரூம்ல இருக்கிறதவிட பத்திரம். நான் ஹெல்மெட்டே வாங்கிட்டேன்" என்றாள். உண்மையைச் சொல்லாமலே போனை வைத்துவிட்டேன். இந்தக் குடும்பத்தில் என்னைக் கண்ணை மூடிக்கொண்டு நம்புகிற ஒரே ஆள் அவள், நம்புவதற்கு அவளுக்கு வேறு எதுவும் கிடைக்கவில்லை பாருங்கள்.

அதனால் கேட்கிறேன் அண்ணா. தப்பு என்னுடையது. உங்கள் மேல் இருந்த கோபத்தை டயரில் காட்டினேன், அதற்கு உங்கள் மகள் உயிர் விலையாகக்கூடாது. என்னை மன்னித்துவிடுங்கள், இல்லையென்றால் மன்னிக்காமல் இருங்கள், உங்கள் சௌகரியம். அவளை மட்டும் நிறுத்துங்கள். உங்கள் பேச்சைத்தான் எல்லோரும் கேட்கிறோம்.

அண்ணிக்கு என் அன்பு. வாலு நூறு வயது வாழட்டும். உங்களுக்கு ரத்த அழுத்தம் இருப்பதாகக் கேள்வி, உப்பைக் குறையுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் தங்கை

பி.கு.: இதை ஒட்டுவதற்குள் வாலு இன்றே பஸ்ஸில் வந்து நின்றுவிட்டாள். பையைக்கூட இறக்காமல் நேரே மாடிப்படிக்குக் கீழே போய்க் குனிந்தாள். "அத்தை, இதென்ன டயரா, வத்திப்போன குளமா? வாராவாரம் என்னத்த பாத்தீங்க?"

"பாக்கலடி" என்றேன். "ரெண்டு வருஷமா பாக்கல. பழைய படத்தையே அனுப்பிட்டிருந்தேன்."

என்னைப் பார்த்தாள். பிறகு படியில் உட்கார்ந்து கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். "அப்பா மட்டும் பாத்தாரா? வண்டிய விட்டுட்டு வந்த மூணாவது மாசமே 'நீயே பாத்து எதாவது போட்டுடு'ன்னு போனை அம்மா கையில குடுத்துட்டார். அம்மாதான் போடுவாங்க. படத்தோட ஓரத்துல உங்க கால் தெரியுது, கட்டைவிரல்ல கட்டு. 'உங்கத்தைக்கு ரெண்டு வருஷமா அந்தக் காயம் ஆறவே மாட்டேங்குது'ன்னு சொல்லிச் சொல்லிச் சிரிப்பாங்க. எதுக்குன்னு எனக்கு இப்பத்தான் புரியுது, ஓடாத டயருக்கு என்ன ஆகிடும்னு அவங்களும் நெனச்சிருக்காங்க."

"தெரிஞ்சும் ஏன்டி பதில் போட்டாங்க?"

"அவங்களுக்கு வேற யாரு அத்தை வாராவாரம் எதாவது அனுப்பறாங்க?"

ஆகவே அண்ணி, உறையில் அவர் பெயரை அடித்துவிட்டு உங்கள் பெயரை எழுதியிருக்கிறேன். மேலே "அண்ணா" என்று வருமிடத்தில் உங்களை நினைத்துக்கொள்ள வேண்டாம், திட்டு அவருக்கே சேர்ந்தது. மன்னிப்புக் கேட்டிருக்கிறேனே, அதை மட்டும் பேனாவால் அடித்துவிடுங்கள், அது விலாசம் தவறி வந்தது. டயரின் நிலைமையை வாலுவுக்கு நான் விளக்க வேண்டியிருக்கவில்லை, அவளே கண்ணால் பார்த்துவிட்டு வண்டி வேண்டாம் என்றுவிட்டாள். பஸ்ஸில்தான் வேலைக்குப் போகிறாள், ஜன்னல் ஓரம் இடம் பிடித்துக் கொடுத்து ஏற்றிவிடுகிறேன். பழைய இரும்புக்காரர் நாளைக் காலை வண்டியைத் தூக்கிப் போக வருகிறார். அண்ணா கேட்டால் உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள். கேட்க மாட்டார். கேட்கும்வரை நீங்கள் சொல்லவும் வேண்டாம். எத்தனை வருடம் ஆகிறதென்று பார்ப்போம்.