ஐந்து வரிக் குடும்பம்

கடல் வந்துபோன மூன்றாம் மாதம், புளியந்தீவில் திறக்கப்பட்ட குடும்ப விபரக் கணினிப் பதிவுப் பிரிவு, வாவிக்கரையில் உள்ள எந்தக் குடும்பத்திலும் ஐந்து பேருக்கு மேல் இல்லை என்று கண்டுபிடித்தது.

கொழும்பில் யாரோ வடிவமைத்து அனுப்பிய கணினிப் படிவத்தில் அங்கத்தவர் அட்டவணைக்கு ஐந்து வரிதான் இடம். ஓரத்தைப் பிடித்து இழுத்தால் படிவம் பெரிதாகும். அட்டவணை மட்டும் மேல் மூலையில் அசையாமல் குந்தியிருக்கும். மிச்சமெல்லாம் வெறும் சாம்பல் வெளி.

யசோதினி வீட்டில் புருசனோடு ஆறு பேர். ஆறாவது ஆள் நிதுர்ஷன், எட்டு மாதம். பதிந்த பிள்ளைக்குத்தான் நிவாரணப் பால்மா.

"சேர், இவன விட்டுட்டீங்க."

பதிவு உத்தியோகத்தர் அருமைநாயகம் நிமிர்ந்தார். "எங்க, திரையில காட்டுங்க பாப்பம்."

"திரையில இல்ல சேர், என்ட இடுப்பில இரிக்கான்."

"இடுப்பு நம்மட பிரிவில்ல தங்கச்சி." சுற்றுநிருபத்தை எடுத்து வாசித்தார்: "'திரையில் தோன்றாத அங்கத்தவர் குடும்பத்தில் அடங்காதவராகக் கருதப்படுவார்.' வேணுமெண்டா மூத்தவள எடுத்துப்போட்டு இவனப் போடுறன்."

"அவள எங்க சேர் போடுற?"

"அது நீங்க வீட்டில பேசி முடிவெடுக்கிற விசயம்."

"வீடு கடலோட போயிற்று."

"அப்ப முகாமில பேசுங்க."

ஆறு நாள் வந்து வந்து நின்றாள். ஏழாம் நாள், தொல்லை பொறுக்காமல், காத்தான்குடியில் கணினி திருத்தும் றம்ஸீனைக் கூப்பிட்டார்கள்.

"இது ஒரு வேலயா சேர்? அட்டவணைய மேல் மூலையோட மட்டும் கட்டி வச்சிரிக்காங்க. படிவத்திட நாலு பக்கத்தோடயும் கட்டிவிட்டா, அது விரியக்குள்ள இதும் விரியும்."

பத்து நிமிடம். அட்டவணை திரை முழுக்கப் பரந்தது, பன்னிரண்டு வரி! சனம் கைதட்டியது. யசோதினி அழுதேவிட்டாள்.

அருமைநாயகம் ஆறு பெயரையும் அடித்தார். கீழே பார்த்ததும் முகம் கறுத்தது.

"ஆறு வரி வெறுமையாக் கிடக்கே?"

"கிடக்கட்டும் சேர்."

"எப்பிடிக் கிடக்கிற? பூரணமற்ற படிவம் நிராகரிக்கப்படும். இன்னும் ஆறு பேரோட வாங்க."

வருசக்கணக்காக ஆர் துவக்கைத் தோளில் போட்டுக்கொண்டு வந்து கேட்டாலும் குடும்ப விபரம் எழுதிக்கொடுத்துப் பழகிய சனம். ஏன் என்று கேட்கவில்லை. ஆளுக்காள் இரவல் வாங்கத் தொடங்கியது. யசோதினி பக்கத்துக் கூடாரத்துப் புஸ்பத்திடம் போனாள்.

"புஸ்பமக்கா, உங்கட மாமியாரத் தாங்களன்."

"கொண்டு போ புள்ள, திருப்பித் தர வேணாம்! நீ நிதுர்ஷனத் தா."

பெயரைத்தானே கொடுக்கிறோம், பிள்ளையையா என்று யசோதினி தலையாட்டினாள். மிச்ச ஐந்து பேரையும் முகாமில் பொறுக்கிக்கொண்டு திரும்புவதற்குள் புஸ்பம் பதிந்துவிட்டுப் போயிருந்தாள்.

"மாமியார் சரி," என்றார் அருமைநாயகம். "நிதுர்ஷன் புஸ்பத்திட குடும்பம் எண்டு கணினி சொல்லுது. முந்திப் பதிஞ்சவங்களுக்குத்தான் ஆள். மாத்த ஏலா."

"சேர், நான் பெத்த புள்ள!"

"நான் இல்லையெண்டு சொன்னனா? இப்ப உங்களுக்கு ஒரு வரி காலி. ஒரு கைப்பிள்ளையாப் பாத்துக் கொண்டு வாங்க, பால்மாவும் போட்டுத் தாறன்."

யசோதினி வரிசையைத் திரும்பிப் பார்த்தாள். கடைசியில் ஒரு சின்னப் பெண், கைக்குழந்தையோடு, அப்போதுதான் வந்து நின்றாள்.

யசோதினி கண்ணைத் துடைத்துக்கொண்டு அவளருகில் போனாள்.

"தங்கச்சி," என்றாள் வாஞ்சையோடு, "உங்களுக்கு ஒரு மாமியார் தேவைப்படுமா?"