அங்குட்டுப் போகாதீக!

"அங்குட்டுப் போகாதீக! புளியமரத்துப் பக்கம் போகாதீகன்னா காதுல விழலையா?"

குழந்தைவேலு போட்ட சத்தத்தில் மரத்திலிருந்த கொக்குகள் பறந்தன. செல்போனும் கையுமாக நின்ற புருஷனும் பெண்டாட்டியும் மட்டும் அசையவில்லை. ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்துவிட்டு, நேரே புளியமரத்துக்கே நடந்தார்கள்.

பள்ளத்தூர் சாலையில் உள்ள அந்தத் தோப்புக்குக் குழந்தைவேலுதான் காவல். ஒருகாலத்தில் நடுவே செட்டியார் வீடு ஒன்று அரண்மனைபோல் நின்றது. பங்காளிச் சண்டையில் பூட்டிக் கிடந்தபோது, பழைய காவல்காரன் அசந்த நேரம் பார்த்து, தேக்குத் தூண்களும் நிலைக்கதவுகளும் ஒவ்வொன்றாகப் பழம்பொருள் கடைக்குப் போய்ச் சேர்ந்தன. மிஞ்சியது முகப்புப் படியும் ஒரு கல்யானையும்தான். தோப்பை ஊருக்குப் பூங்காவாகத் திறந்துவிட்ட அந்த வீட்டு மீனாள் ஆச்சி ஒன்றே ஒன்று சொல்லியிருந்தார்.

"வேலு, இனி ஒரு கல்லு போச்சுன்னா, நீயும் அதுகூடவே போயிரு."

அன்றிலிருந்து உள்ளே வருகிற எல்லோருமே அவருக்குத் திருடர்கள்தாம்.

அந்தப் புருஷனும் பெண்டாட்டியும் போனதும் புளியமரப் பொந்தில் கையை விட்டார். எவர்சில்வர் சம்படம் ஒன்று வந்தது. உள்ளே பனங்கற்கண்டு, அதிமதுரம், இருமல் மிட்டாய், குன்றக்குடி விபூதிப் பொட்டலம்.

"செய்வினையா இருக்கும். வீட்டுக்குள்ள கொண்டாராதீக!" என்று வாசலிலேயே மறித்தாள் மனைவி ஈஸ்வரி.

விபூதி இருப்பதைக் குப்பையில் போட அவருக்கு மனம் வரவில்லை. தோப்புக்கே திரும்பிக் கிணற்றடிப் புதரில் ஒளித்துவைத்தார்.

மறுநாள் மதுரையிலிருந்து ஒரு குடும்பம் வந்தது.

"கிணத்துப் பக்கம் போகாதீக! பாம்பு கெடக்கு!"

நேரே கிணற்றுக்குப் போனார்கள். திரும்பும்போது, "ரொம்ப நன்றிண்ணே," என்று கும்பிடு வேறு.

"நன்றியாம்ல, நன்றி!" பல்லைக் கடித்தபடி சம்படத்தைக் கல்யானையின் வயிற்றடியில் செருகினார். அடுத்து வந்த கூட்டத்திடம், "யானைகிட்ட எவனும் போகக்கூடாது!" என்று தடியை ஓங்கினார். மொத்தக் கூட்டமும் யானையைச் சுற்றிக்கொண்டது.

"கோவிக்காதீகண்ணே. ஒளிச்சுவச்ச பெட்டிய, செல்போன்ல வர்ற குறிப்பப் பாத்துத் தேடுற வெளையாட்டு இது. கல்லத் தொடக்கூட மாட்டோம்," என்றார் ஒருவர்.

"நான் எடத்த மாத்துனது உங்க செல்லுக்கு எப்படித் தெரியும்? எவன் துப்பு குடுக்குறான்?"

அதற்கும் சிரிப்புத்தான்.

தோப்பு வாசலில் டீக்கடை போட்டிருக்கும் பொன்னுத்தாயிமேல் சந்தேகம் பாய்ந்தது.

"யாவாரம் ஓடணும்னு நீதான காட்டிக் குடுக்குற?"

"ஆமா, ஒம்ம பெட்டியத் தேடத்தான் எனக்கு நேரம்! நீரு கத்துற கத்து காரைக்குடி வரைக்கும் கேக்குது. இந்தாரும், சுக்குக்காப்பியக் குடிச்சுட்டு மிச்சத்தத் திட்டும்."

நீட்டிய டம்ளரை வாங்காமலே, திட்டவேண்டியதை எல்லாம் திட்டிவிட்டு வந்தார்.

விடிந்தபோது தொண்டை அடைத்திருந்தது. வாயைத் திறந்தால் காற்றுத்தான் வந்தது. சம்படத்தை அரளிச் செடிக்குள் வைத்துவிட்டு, கல்யானைக்குப் பக்கத்தில் இன்னொரு கல்லாக நின்றார். வந்தவர்கள் பொந்தைத் துழாவினார்கள். கிணற்றை எட்டிப் பார்த்தார்கள். தோப்பையே மூன்று சுற்றுச் சுற்றினார்கள். யாருக்கும் கிடைக்கவில்லை!

'பிள்ளையாரப்பா, என் வாயைக் கட்டி இவுக வழியைக் கட்டிட்டியே!' என்று உள்ளுக்குள்ளே தோப்புக்கரணம் போட்டார்.

அப்போது சத்தியப்பிரியா என்ற பெண் ஒருத்தி கூட்டத்திலிருந்து விலகி அவரிடம் வந்தாள். முகத்தில் கவலை.

"என்னண்ணே, ஒரு சத்தத்தையும் காணோம்? ஒடம்புக்கு முடியலையா?"

அவர் தொண்டையைத் தொட்டுக் காட்டினார். அவள் பையிலிருந்து ஒரு பிடி பனங்கற்கண்டை எடுத்து அவர் கையில் வைத்தாள். அப்போதும் அவருக்குக் கோபம் அடங்கவில்லை.

"பெட்டி... கெடைக்காது... போங்க," என்று கரகரத்தார்.

அவள் செல்போனை அவர் பக்கம் திருப்பினாள்.

"எப்படிண்ணே கெடைக்கும்? 'காவக்கார அண்ணன் எங்குட்டுப் போகாதீகன்னு கத்துறாரோ, அங்குட்டுப் போங்க. பெட்டி கெடைச்சதும், பாவம், அவரு தொண்டைக்கு ஏதாச்சும் வச்சுட்டு வாங்க'ன்னுதான குறிப்பே போட்டுருக்கு!"