முப்பத்திரண்டு அழுகண்ணிகளும் என் குடிநீரும்

அன்பு மைத்துனனுக்கு,

உன் அத்தான் எழுதுவது. இங்கே மனிதர் இருவரும் நலம். செடிகளில் பாதி நலம். அங்கே உன் பயிற்சியும், விடுதிச் சாப்பாடும், அதைச் செரிக்கும் உன் வயிறும் நன்றாக இருக்க வேண்டுகிறேன். இனி விஷயத்துக்கு வருகிறேன். நீ உட்கார்ந்துகொள்.

மூன்று மாதப் பயிற்சிக்குப் புறப்பட்ட அன்று, "முப்பத்திரண்டு நாத்துதான் அத்தான், தனித்தனித் தொட்டியில மாத்தி நட்டுடுங்க, ஒரு மணி நேர வேலை" என்று ஒரு தட்டை என் கையில் திணித்துவிட்டு ஆட்டோவில் ஏறினாய். பூச்சி தின்னும் செடியைப் பள்ளிப் பிள்ளைகள் ஆளுக்கொன்றாக வளர்க்க வேண்டும் என்பது உன் ஆசை. நல்ல ஆசை. பிள்ளைகளைக் கடிக்க ஆசிரியர்கள் போதவில்லை போலும். அழுகண்ணி என்று பெயர் வைத்தவர் அதை ஒரு முறையாவது பிடுங்கி நட்டிருக்க வேண்டும், ஏனென்றால் அழுதவன் நான்தான். ஒவ்வொன்றும் சட்டைப் பொத்தான் அளவு, இலையெல்லாம் சிவப்பு முடி, முடி நுனியெல்லாம் பசைத்துளி, அடியில் கறுப்பு நூல்போல் ஒரு வேர். பல்குச்சியால் முதல் நாற்றைத் தூக்கினேன், அது பல்குச்சியை விட மறுத்தது. இரண்டாவது என் விரலை விட மறுத்தது. ஒன்பதாவது மூக்குக்கண்ணாடியில் ஏறிக்கொள்ள, கால்மணி நேரம் உலகத்தைச் சிவப்பாகப் பார்த்தேன். ஈயும் கொசுவும் பிடிக்கத் தெரிந்த செடி இதுவரை பிடித்ததில் பெரிய பிராணி நான்தான் என்று நினைக்கிறேன். உன் அக்காள் வாசற்படியில் நின்று பார்த்துவிட்டு, "எனக்கு ஒரு பட்டன் தைச்சுக் குடுக்க முப்பது வருஷமா கை நடுங்குதுன்னீங்க, இப்ப எப்படி நிக்குது பாருங்க" என்று சொல்லிப் போனாள். உன் ஒரு மணி நேரம் நான்கு நாள் நடந்தது.

அதையும் பொறுத்துக்கொண்டேன். பொறுக்க முடியாதது நீ விட்டுப்போன குறிப்புத்தாள். "மழைத்தண்ணீர் அல்லது காய்ச்சி வடித்த தண்ணீர் மட்டும். குழாய்த் தண்ணீர் ஊற்றினால் செத்துவிடும்" என்று எழுதி, கீழே இரண்டு கோடு வேறு. மைத்துனா, நான் குடிநீர் வாரியத்தில் முப்பத்து நான்கு ஆண்டு நீர்ப் பரிசோதகன். இந்த ஊர் குடித்த ஒவ்வொரு சொட்டுக்கும் 'குடிக்கத் தகுந்தது' என்று கையெழுத்துப் போட்டவன். மனிதன் குடிக்கத் தகுந்தது ஒரு பொத்தான் குடிக்கத் தகாதா? குழாய்த் தண்ணீரின் உப்பு நம் எலும்புக்கு ஆகும், இந்த மகாராணிக்கு ஆகாதாம். சோதித்துப் பார்க்கலாமே என்பாய். முப்பத்து நான்கு ஆண்டு சோதித்ததை மறுபடி சோதிப்பது சந்தேகப் பிராணிகளின் பழக்கம்.

ஆகவே நட்டேன், குழாய்த் தண்ணீரே ஊற்றினேன். சமையலறை ஜன்னலில் பதினாறு தொட்டிக்குத்தான் இடம் இருந்தது. மீதிப் பதினாறு குளியலறை ஜன்னலுக்குப் போயின. அவற்றுக்கு அங்கேயே குழாயில் பிடித்து ஊற்றினேன். சமையலறைத் தொட்டிகளுக்கு, பக்கத்திலேயே நாங்கள் குடிக்க வைத்திருக்கும் பானையில் மொண்டு ஊற்றினேன். முதல் நாளே உன் அக்காள் குறுக்கே வந்தாள்.

"ஏங்க, குடிக்கிற தண்ணிய எதுக்குச் செடிக்கு ஊத்துறீங்க? குழாய்ல பிடிச்சு ஊத்துங்க."

"பானையில இருக்கிறதும் குழாய்ல வந்ததுதானே?"

"அதுக்கில்ல. பானையில ஊத்திவெச்ச தண்ணி."

"ஊத்திவெச்சா ஜாதி மாறிடுமா?"

அவள் வெங்காயம் நறுக்கப் போய்விட்டாள். தோற்றால் உங்கள் குடும்பத்தில் எல்லோரும் வெங்காயம் நறுக்குவீர்கள்.

ஐந்து வாரம் கழித்து நிலவரம்: குளியலறைப் பதினாறில் பதின்மூன்று பழுத்துக் கருகிவிட்டன. சமையலறைப் பதினாறும் கொழுத்து மின்னுகின்றன. ஒன்று போன செவ்வாய்க்கிழமை ஒரு கொசுவைக் கட்டிப்பிடித்துக்கொண்டிருந்தது. இப்போது நீயே சொல். ஒரே குழாய், ஒரே தண்ணீர், ஒரே கை. ஒரு பக்கம் பிழைத்தது என்றால் தண்ணீர் மேல் பழி நிற்குமா? குற்றவாளி உன் அக்காளின் சோப்பு வாசனை, அல்லது நீ கலந்துகொடுத்த மணலும் பாசியும். இந்தக் கண்டுபிடிப்பை வீட்டோடு வைத்துக்கொள்வது நியாயமில்லை. வரும் சனிக்கிழமை எங்கள் ஓய்வுபெற்றோர் சங்கக் கூட்டத்தில் அந்தப் பதினாறு தொட்டிகளையும் மேசைமேல் வைத்து, வாரியத் தண்ணீரின் தரம் பற்றி நாற்பது நிமிடம் பேசுகிறேன். என் பழைய மேலதிகாரியும் வருகிறார். பிரிவுபசார விழாவில், "தான் குடிக்காத தண்ணீருக்கு இவர் கையெழுத்துப் போட்டதில்லை" என்று என்னைப் பற்றிச் சொன்னவர் அவர்தான். அந்த ஒரு வாக்கியத்துக்காகத்தான் இத்தனை பாடு.

செத்தவற்றுக்கு என்னிடம் விளக்கம் கேட்காதே. உன் குறிப்புத்தாளைத் திருத்தி எழுது. நீ நோயில்லாமல், கடிபடாமல், முடிந்தால் கொஞ்சம் அடக்கத்தோடு நீண்ட காலம் வாழ என் ஆசிகள்.

இப்படிக்கு,
உன் அத்தான்

பின்குறிப்பு: தம்பி, அக்கா எழுதுறேன். ஒட்டித் தரச் சொல்லிக் குடுத்துட்டுக் குளிக்கப் போயிருக்காரு. பானையில இருக்கிறது காசு குடுத்து வாங்குற கேன் தண்ணி, உப்பெல்லாம் எடுத்தது. பதினொரு வருஷமா அதான். ஒரு நாள் நம்ம குழாய்ல புழு வந்துச்சு. அன்னிக்குத்தான் அவருக்குப் பதவி உயர்வு, இனிப்பு வாங்கிட்டு வந்து நிக்கிறாரு, எப்படிச் சொல்ல? அவர் நடக்கப் போற நேரத்துல கேன் வரும், மாடிப்படிக்கு அடியில இருக்கும். சனிக்கிழமை அத்தனை பேர் முன்னாடி எழுந்து பேசி, யாராவது ஒருத்தர் குழாய்த் தண்ணிய ஊத்திக் காட்டுங்கன்னா என்ன ஆகும்? நீ வெள்ளிக்கிழமையே லீவு போட்டு வந்து செடிய எடுத்துட்டுப் போயிடு. அவர்கிட்ட மூச்சு விடாத.

பின்குறிப்புக்குப் பின்: கடிதத்தில் தேதி போட மறந்ததால் உறையைப் பிரித்தேன். நான் பிரித்தது உன் அக்காளுக்குத் தெரிய வேண்டாம். வெள்ளிக்கிழமை வா. மிச்சமிருந்த மூன்றையும் பானைத் தண்ணீருக்கு மாற்றிவிட்டேன், ஆகப் பத்தொன்பது. சங்கச் செயலாளரைத் தொலைபேசியில் அழைத்து, சளி பிடித்திருக்கிறது, பேச வர இயலாது என்றேன். "தண்ணி மாத்திக் குடிச்சீங்களா?" என்று கேட்டார். இல்லை, பதினொரு ஆண்டுகளாக ஒரே தண்ணீர்தான் என்று சொன்னேன்.