முழங்கால் சாட்சி

"பதிவேட்டைப் பார்த்தீங்களான்னு கேக்குறாங்க சார்," என்றாள் சின்ன டாக்டர்.

மூட்டுவலி மாத்திரை ஒன்றைப் பற்றி வந்த ஆராய்ச்சிக் கட்டுரைகளை எல்லாம் சேர்த்துப் பார்த்து, அது கேட்கிறதா இல்லையா என்று தீர்ப்புச் சொல்வது அவள் வேலை. கட்டுரைகள் ஒன்றுவிடாமல் 'ஆஹா, ஓஹோ' என்றன. அவள் தீர்ப்பை நம்பித்தான் ஆஸ்பத்திரிகளில் மாத்திரையை எழுதித் தரப்போகிறார்கள். கடைசி நேரத்தில், அவள் தீர்ப்பை வெளியிடப்போகிற மருத்துவப் பத்திரிகைக்காரர்கள் இப்படி ஒரு கேள்வியைப் போட்டுவிட்டார்கள்.

"ஆராய்ச்சி ஆரம்பிக்கும்போதே பதிஞ்சு வைக்கிறாங்களே, அதுதானே? சும்மா ஒரு பார்வை பார்த்துட்டு, பார்த்தாச்சுன்னு எழுதிடும்மா," என்றார் அவளுடைய மேலதிகாரியான பெரிய டாக்டர்.

பார்த்தாள். வந்தது வம்பு. பதிவாகி, நடந்து முடிந்து, கட்டுரையாக வெளிவராமலே போன ஆராய்ச்சிகள் மூன்று இருந்தன.

"மூணு பேருக்கும் மெயில் போட்டு வை. ஒருத்தனும் பதில் போட மாட்டான். கேட்டோம், பதில் இல்லைன்னு முடிச்சிடலாம்."

மறுநாளே மூன்று பேரும் பதில் போட்டுவிட்டார்கள். 'யாராவது கேட்க மாட்டாங்களான்னு இருந்தோம்' என்று அழாத குறை. மூவரும் சொன்னது ஒன்றுதான்: மருந்தே இல்லாத போலி மாத்திரையும் இதுவும் ஒரே லட்சணம். போதாததற்கு, இது வயிற்றையும் புண்ணாக்குகிறது.

"சரி, சேர்த்துக் கணக்குப் போடு. பழைய ஆராய்ச்சியெல்லாம் பெருசு, தாங்கும்."

தாங்கவில்லை. மாத்திரையின் பெருமை புஸ்ஸென்று இறங்கிவிட்டது. சின்ன டாக்டருக்கு ஒரு பக்கம் உதறல், மறுபக்கம் சந்தோஷம். எத்தனை பேர் வயிறு பிழைத்தது!

"இப்படியே அனுப்பிடலாம் சார்."

"விளையாடுறியா? அப்போ என் முழங்கால் பொய் சொல்லுதா? போன வருஷம் மாடிப்படி ஏற முடியாமக் கிடந்தவன் நான். இந்த மாத்திரைதான் என்னை நடக்க வெச்சுது. கையெழுத்துப் போட மாட்டேன், போ!"

"நீங்க போடலைன்னா அனுப்பவே முடியாதே சார்."

"நம்பிக்கை இல்லைன்னா என் வீட்டுக்காரியையே கேளு. வேளாவேளைக்கு எடுத்துக் குடுக்குறவ அவதான்." வீட்டுக்குப் போன் செய்து ஸ்பீக்கரில் போட்டார். "இந்தா, என் மூட்டுவலி மாத்திரையைப் பத்தி இந்தப் பொண்ணுக்குக் கொஞ்சம் சொல்லு!"

"அதுவா? ஆரம்பிச்ச ரெண்டாம் நாளே வயிறு எரியுதுன்னு புலம்புனீங்களே, அன்னைக்கே தூக்கிப் போட்டுட்டேனே! அதுலேருந்து வெறும் சத்து மாத்திரைதான் குடுக்குறேன். நல்லாத்தானே நடக்குறீங்க, சொல்லிக் கெடுப்பானேன்னு விட்டுட்டேன்."