சார் தலையில் பிடித்த களிம்பு

தண்ணீர் சும்மா ஓடுவதைப் பார்த்துக்கொண்டு என்னால் நிற்க முடியாது. ஹோட்டலில் கை கழுவப் போனால் பக்கத்துக் குழாயையும் இறுக்கி மூடிவிட்டுத்தான் வருவேன். (அதில் ஒருவர் கை கழுவிக்கொண்டிருந்தால்கூட.) தாராவியில் எங்கள் சந்துக் குழாயில் விடிவதற்கு முன்னால் கொஞ்ச நேரம்தான் தண்ணீர் வரும். அங்கே வளர்ந்தவனுக்கு இந்த வியாதி இருப்பதில் ஆச்சரியம் இல்லை. ஆனால் இதே வியாதியால் ஒரு பெரிய மனிதரின் தலைமுடியைப் பச்சையாக்கியவன், எனக்குத் தெரிந்து, நான் ஒருவன்தான்.

எண்பதுகளின் நடுவில் நடந்தது. அப்போது மச்சானிடம் தொழில் கற்றுக்கொண்டிருந்தேன். மச்சான் என்றால் லாத்தாவின் கணவர். (அக்காவை எங்கள் திருநெல்வேலிப் பக்கத்து முஸ்லிம் வீடுகளில் லாத்தா என்போம்.) தாராவியில் அவருக்கு ஃப்ரிட்ஜ் ரிப்பேர் கடை. கடை என்பது மரியாதைக்குச் சொல்வது. உள்ளே இரண்டு ஃப்ரிட்ஜ் வந்துவிட்டால் நாங்கள் இருவரும் வெளியே நிற்க வேண்டும்.

அப்படிப்பட்ட கடைக்குச் செம்பூரில் ஒரு கிளப்பின் நீச்சல் குளத்து வேலை கிடைத்தது. வாங்கிக் கொடுத்தவர் ராமநாதன் சார், ஓய்வு பெற்ற அதிகாரி. அவருக்கு முழங்கால் இரண்டும் தேய்ந்து போயிருந்தன. காலையில் வெதுவெதுப்பான தண்ணீரில் நின்று நீட்டி மடக்கினால்தான் அன்றைக்கு நடக்க முடியும். துபாயிலிருந்து திரும்பிய உறுப்பினர் ஒருவர் கிளப்புக்கு ஒரு ஹீட் பம்ப் கொடுத்திருந்தார். பம்பாயில் குளத்துக்கு வெந்நீரா என்று கமிட்டியில் பாதிப் பேர் சிரித்தார்கள். கரண்ட் பில்லைக் காட்டி நிறுத்தப் பார்த்தார்கள். சார்தான் ஒவ்வொரு கூட்டத்திலும் சண்டை போட்டு அதை ஓட வைத்துக்கொண்டிருந்தார். ஒரே ஒரு தகராறு வந்தால் போதும், மெஷினை இழுத்து மூடிவிடுவார்கள் என்பது அவருக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும்.

மெஷின் ஒன்றும் புரியாத வஸ்து இல்லை. ஏ.சி.யைத் திருப்பிப் போட்டால் ஹீட் பம்ப். வெளிக்காற்றின் சூட்டை இழுத்து, உள்ளே செம்புக் குழாய்ச் சுருள் வழியாகப் போகும் குளத்துத் தண்ணீருக்குக் கொடுக்கும். சூட்டை இழந்த காற்று விசிறி வழியாக ஜில்லென்று வெளியே வரும். (அதன் எதிரில் நின்று தலை வாரிக்கொள்வது என் தினசரி வேலைகளில் ஒன்று.) முதலில் தண்ணீர் பம்பைப் போட்டு, பிறகுதான் மெஷினைப் போட வேண்டும். தகடுகளில் ஒட்டும் இலையையும் தூசியையும் தட்டிவிட வேண்டும். இவ்வளவையும் கற்றுக்கொண்டதும் நான் என்னை எஞ்சினியர் என்று நம்ப ஆரம்பித்தேன்.

ஒரு டிசம்பரில் மெஷின் ஓடி ஓடி நின்றது. டேங்கர் தண்ணீரின் உப்பு செம்புச் சுருளுக்குள் படிந்துவிட்டது, ஆசிட் விட்டுக் கழுவ வேண்டும் என்றார் மச்சான். அவருக்கு அன்று அம்பர்நாத்தில் வேறு வேலை. என்னிடம் விட்டுவிட்டுப் புறப்பட்டார்.

"மாப்ள, கொளத்துக்குப் போற வால்வ மூடிட்டு ஆசிட்ட சுத்த விடு. நொரை அடங்குன ஒடனே எறக்கிரணும். ரொம்ப நேரம் வச்சா செம்பையே தின்னுரும். பொறவு நல்ல தண்ணி விட்டு அலசு. அலசுற தண்ணி பூராவும் கட்டர்லதான் போணும். கொளத்துக்குள்ள ஒரு சொட்டு போவக்கூடாது, கேட்டியா?"

(பம்பாயில் சாக்கடைக்குக் கட்டர் என்று பெயர்.)

"இதுகூடத் தெரியாதா மச்சான்?" என்றேன். அழுக்கு வேட்டியைப் போல ஆசிட்டிலும் ஊற ஊறத்தான் நல்லது என்று என் எஞ்சினியர் மூளை சொன்னது. டீ குடித்துவிட்டு, கேரம் ஆடுகிறவர்களை வேடிக்கை பார்த்துவிட்டு, சாவகாசமாக வந்து ஆசிட்டை இறக்கினேன். பச்சைப் பசேலென்று வந்தது. எவ்வளவு அழுக்கு, எவ்வளவு அழுக்கு என்று எனக்கு ஒரே பெருமை. (வந்தது பெரும்பாலும் அழுக்கு இல்லை, செம்பு.) அதை ஒழுங்காகக் கட்டரில்தான் கொட்டினேன்.

பிறகு அலச ஆரம்பித்தேன். நல்ல தண்ணீர் சுருளுக்குள் புகுந்து, ரப்பர் குழாய் வழியாகக் கட்டரில் விழுந்தது. விழுந்துகொண்டே இருந்தது. அந்த மாதம் எங்கள் சந்தில் தண்ணீர் வெட்டு. அன்று காலையில்தான் ஒரு குடத்துக்காக லாத்தா எதிர் வீட்டுக்காரியோடு மல்லுக்கு நின்றிருந்தாள். இங்கே குடம் குடமாகச் சாக்கடைக்குப் போகிறதே என்று வயிறு எரிந்தது. குனிந்து பார்த்தேன். தண்ணீர் லேசாகப் பச்சை தட்டியது, அவ்வளவுதான். இத்தனை பெரிய குளத்துக்கு இது எம்மாத்திரம்? வால்வைத் திருப்பிவிட்டேன். மிச்சம் முழுவதும் குளத்துக்குள் போனது.

மெஷின் அருமையாக ஓடியது. சார் தினமும் காலையில் இறங்கி, காலை நீட்டி மடக்கி, தலை முங்கி எழுந்து, என்னைப் பார்த்து, "காதர், சொர்க்கம்டா!" என்பார். மற்ற உறுப்பினர்களுக்குக் கறுப்பு முடி. இல்லாதவர்களுக்குக் கறுப்புச் சாயம். சார் ஒருவருக்குத்தான் பஞ்சு போல வெளுத்த தலை.

தை மாதம் அவர் மகள் கல்யாணத்துக்கு முதல் நாள், எங்கள் இருவரையும் உடனே வரச் சொல்லி வீட்டிலிருந்து ஆள் வந்தது. ஃப்ரிட்ஜ் கெட்டிருக்கும் என்று டூல் பையோடு ஓடினோம். சார் தலையில் துண்டு கட்டிக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அவர் மனைவி துண்டை எடுத்தார்.

கொத்தமல்லிச் சட்னி. வேறு எப்படிச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. உச்சியில் கொஞ்சம் வெளிறியும் காதோரத்தில் திக்காகவும் இருந்தது.

"மொதல்ல லேசாத்தான் இருந்தது, டியூப்லைட் வெளிச்சம்னு நெனச்சேன்," என்றார் சார். "குளத்துல பாசி ஏதாவது பிடிச்சிருக்கா? நாளைக்குக் கன்னிகாதானம்டா. சம்பந்தி முன்னாடி கிளி மாதிரி போய் உக்காரச் சொல்றியா?"

மச்சான் அந்தத் தலையை ஒருமுறை பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"கட்டர்லதான விட்டே?"

"மொதல்ல கட்டர்லதான் மச்சான். பொறவு... நல்ல தண்ணி வீணாப் போவுதேன்னு..."

மச்சான் கண்ணை மூடிக்கொண்டார். "பாசி இல்ல சார். செம்பு. இவன் கொளத்துல செம்பக் கரைச்சு விட்டுட்டான்."

"செம்பா?" மாமியின் முகம் மலர்ந்தது. "அப்போ இது களிம்புன்னா! மொதல்லயே சொல்லப்படாதோ?"

சமையலறைக்குப் போய்ப் பெரிய புளி உருண்டையோடு வந்தார். சாரைக் குளியலறை ஸ்டூலில் உட்கார வைத்து, செப்புக் குடம் துலக்குவதைப் போலத் துலக்க ஆரம்பித்தார். "மெதுவாடி, உள்ளே மண்டை இருக்கு!" என்று சார் அலறினார். சொம்பில் தண்ணீர் ஊற்றுவது என் வேலை. பழக்க தோஷத்தில் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினேன். "தாராளமா ஊத்துடா, மிச்சம் பிடிச்சதெல்லாம் போறும்!" என்றார் மாமி.

பச்சை போனது. வெள்ளை திரும்பவில்லை. பழைய செய்தித்தாள் நிறத்தில் நின்றுவிட்டது. மறுநாள் மாட்டுங்காவில் முகூர்த்தம். ஹோமப் புகையையும் மீறிப் புளி மணத்தது. சம்பந்தி மூக்கை உறிஞ்சி, "ரசம் மேடை வரைக்கும் மணக்கறதே!" என்றார். சார் கொஞ்சமும் அசையாமல், "சமையல்காரர் நம்ம மனுஷா," என்றார். பின் வரிசையில் நின்ற என்னைப் பார்த்துக் கண்ணைக்கூடச் சிமிட்டினார்.

கமிட்டி கண் சிமிட்டவில்லை. அடுத்த கூட்டத்தில் சார் எழுந்து, தலை என்னுடையது, எனக்குப் புகார் இல்லை என்று சொல்லிப் பார்த்தாராம். இன்று முடி, நாளைக்குத் தோல் என்றார்கள். மெஷினை நிறுத்தி, தார்ப்பாயைப் போட்டுக் கட்டிவிட்டார்கள். எங்கள் வேலையும் போனது. மச்சான் என்னைத் திட்டவில்லை. அடித்திருந்தால்கூட ஆறியிருக்கும். கிளப்பிலிருந்து திரும்பும்போது பஸ்ஸில் ஒரே ஒரு வார்த்தை சொன்னார்.

"தண்ணிப் பஞ்சம் நமக்குத்தாம்ல. அவங்களுக்கு இல்ல."

வீட்டில் இது இன்றைக்கும் ஓடும் கதை. நான் ஒரு பக்கெட்டில் மிச்சத் தண்ணீரைப் பிடித்து வைத்தால் போதும், "யாரு தலைல ஊத்தப் போறே?" என்பாள் லாத்தா. புது மருமகள், மருமகன் யார் வந்தாலும் முதல் விருந்திலேயே கதையைச் சொல்லி, மேடையில் ரசம் மணத்ததோடு முடிப்பாள். எல்லோரும் கண்ணில் நீர் வரச் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன்.

அதற்குப் பிறகு நடந்ததை அவளிடம் சொன்னதில்லை. அடுத்த குளிர்காலத்தில் செம்பூர் ஸ்டேஷனில் சாரைப் பார்த்தேன். கையில் தடி. பாலத்துப் படிக்கட்டின் அடியில் நின்று மேலே பார்த்துக்கொண்டிருந்தார். ஓடிப் போய்க் கையைப் பிடித்தேன்.

"காதரா? நன்னா இருக்கியா? கார்த்தால குளத்துக்குப் போனேன்டா. காலை வெச்சேன், ஜில்லுன்னு இருந்தது. திரும்பி வந்துட்டேன்."

யாரையும் குறை சொல்லும் குரல் இல்லை. இன்று வெயில் இல்லை என்பதைப் போலச் சொன்னார். என் தோளைப் பிடித்துக்கொண்டு ஏற ஆரம்பித்தார். ஒவ்வொரு படியிலும் நின்றார். நானும் நின்றேன். பின்னால் வந்த கூட்டம் எங்களைத் திட்டிக்கொண்டே இரண்டு பக்கமும் ஒதுங்கி ஏறிப் போனது.